முப்பத்தேழு குறைய

பொழுது சாய, வலைப்பட்டிக்குள் அடைக்கும்போது
இரண்டிரண்டாகத்தான் எண்ணுவோம் வாத்துகளை.
காலையில் நானூற்றுப் பதினெட்டு.
அன்றைக்கு முன்னூற்று எண்பத்தொன்று.
கடைசியாக நுழைந்தது
ஜோடியில்லாமல் நுழைந்தது.

மாசி மாதம். சம்பா அறுத்த தாளடியில் மேய்த்துவிட்டு
வெண்ணாற்றங்கரைச் சாலையைக் கடந்துகொண்டிருந்தோம்,
பாதி மந்தை தார் ரோட்டில், பாதி தண்ணீரில்.
சிவப்பு ஜீப்பில் அதிரன்.
நீடாமங்கலத்தில் அவன் படம் நாலாவது வாரம் அப்போது.
சவரிமுத்துவின் போனில் அவன் பாட்டுத்தான் அடிக்கும்.

ஹாரன் அடித்தான்.
வாத்துக்கு ஹாரன் தெரியாது.
ஏற்றினான்.
அதைக்கூட அவசரம் என்று எழுதிக்கொள்ளலாம்.
பின்னால் எடுத்தான்.
பக்கத்து ஸீட்டில் போன் பிடித்திருந்தவன்
"செம, இன்னொரு வாட்டி" என்றான்.

அந்தச் சத்தத்தை
எதனோடும் நான் ஒப்பிட மாட்டேன்.

அப்புறம் ஊரே பார்த்தது, உலகமே பார்த்தது.
கால்நடை டாக்டர் சாக்கை அவிழ்த்துக்
கீழே பரப்பி எண்ணினார்,
இரண்டிரண்டாக இல்லை, ஒவ்வொன்றாக.
அவனுக்கு இரண்டு படம் கைநழுவிப் போனது.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் அவன் போஸ்டர் மேல்
யாரோ முட்டை அடித்திருந்தார்கள்.
கிட்டப் போய்ப் பார்த்த சவரிமுத்து
"வாத்து முட்டடி, வீணாப் போச்சே" என்றார்.
எங்கள் வாத்துகள் அப்போது
இருபத்திரண்டு நாள் முட்டையே இடவில்லை.
அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டு டிவியில் அழுதான்.
நம்பவில்லை.
ஒருநாள் அரக்கோணத்திலிருந்து ஐந்நூறு குஞ்சுகள்
மூங்கில் கூடைகளில் வந்து இறங்கின, கூடவே அவரும்.
(போஸ்டரில் இருக்கும்வரை அவன்.
எதிரே வந்து நின்றால்
வாய் தானாக அவர் என்கிறது.)
ஒரு குஞ்சைக் கையிலெடுத்தார்.
அது அவர் உள்ளங்கையிலேயே கழிந்தது.
துடைக்கவில்லை.
கூடைகள் எல்லாம் இறக்கி முடியும்வரை
அந்தக் கையை விரித்தபடியே வைத்திருந்தார்.
அன்றைக்குக் கொஞ்சம் நம்பினேன்.

மூன்று வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் விழா.
வாயில்லா ஜீவன்களின் காவலர் என்று பட்டம்.
சால்வை போர்த்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்,
போக வர வேன்.
"மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தைம்மா"
மைக்கை என் வாயருகே பிடித்தது அந்தப் பொண்ணு.
"கரை ரோட்டுல மெதுவாப் போங்க" என்றேன்.
அதற்கும் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால், பேப்பர் கப்பில் காபி.
யாரும் இல்லை.
"அக்கா, அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."
"எனக்குந்தான்."
மேலே ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.
சொல்வதற்கு ஒன்றும் இல்லை.
காபியில் ஆடை கட்டியது.

புரட்டாசியில், போன வாரம்,
குறுவை அறுத்த வயலில் மேய்ந்தது மந்தை.
கரையில் பால் வண்டி வந்தது, மெதுவாகத்தான்.
பழைய வாத்துகள் கழுத்தைத் தூக்கின. அது பழக்கம்தான்.
ஆனால் அவற்றுக்கு முன்னால் சிதறியவை
அவர் தந்த குஞ்சுகள், இப்போது வளர்ந்தவை,
ஜீப்பைப் பார்த்தே இராதவை.
எப்போது சொல்லிக்கொடுத்தன இவற்றுக்கு?
எந்த ராத்திரி, எந்தக் குரலில்?

முந்நாள்தான் நட்ட சம்பா வயலில்
அத்தனையும் விழுந்து மிதித்தன.
கலியமூர்த்தி நல்ல மனுஷர், திட்டவில்லை,
நஷ்டத்தை மட்டும் கேட்டார்.
அதிரன் தந்த பணத்தில்
தகர டப்பாவில் மிச்சமிருந்ததை எடுத்துக்
கட்டினோம்.

அன்று இருட்டிய பிறகுதான் அடைத்தோம்.
இப்போது எண்ணூற்றுச் சொச்சம்.
நானூற்றுப் பதினாறு, நானூற்றுப் பதினெட்டு
என்று சொல்லி ஒரு மூச்சு நின்றது வாய்.
"என்னடி?" என்றார் சவரிமுத்து வலையைப் பிடித்தபடி.
ஒன்றுமில்லை என்று
நானூற்று இருபது சொன்னேன்.