பாக்கி

சாத்தம் துறைமுகத்தில் எலி தின்றது போக மிஞ்சிய பேரேட்டில்
கேப்டன் ஜெர்வஸ் ட்ரெனோ:
பத்து வயதில் பாய்மரம் ஏறியவன்.

நாடாளுமன்றத்துக்காக இரண்டு போர்.
அரசர் திரும்பிய வாரம்
கப்பலின் பழைய பெயரைச் சுரண்டி
வேறு பெயர் எழுதினார்கள்.
ஈர வர்ணத்தில் சாய்ந்து கெட்ட கோட்டுக்கு
ஆறு ஷில்லிங் பிடித்தம்.

டச்சுக் குண்டுக்கு இடது கை.
அதற்கு உதவித்தொகை, காகிதத்தில்.
மாலுமிகளுக்கும் காகிதம்தான்;
சாராயக்கடையில் பாதி விலைக்குப் போகும்.
வெள்ளித் தட்டுகளை விற்று
நாற்பது பேருக்கு அவன் கொடுத்ததை
எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்று அவன் விதவை வந்தாள்.
‘அடுத்த மாதம்’ என்றேன், வழக்கம்போல.
“அதுவரை இது ஈடாக இருக்கட்டும்.”
மேசையில் ஏழு கையுறைகள்,
எல்லாம் இடது, மடிப்புக் கலையாதவை.

அவள் போனதும்
ஒன்றை மாட்டிப் பார்த்தேன்.
அளவு சரியாக இருக்கிறது.