கட்டுக் கணக்கு

சாரேமா தீவில் விர்வேயின் வயல்
இரண்டே எக்டேர்.
ஒரே நாள் விதைப்பு, உரமும் ஒரே அளவு.
நான் புல்லைக் கட்டுபவன்,
கட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

வடக்கே நாலு விரற்கடை மண்,
கீழே சுண்ணாம்புப் பாறை.
ஜூன் முடியுமுன்னே திமோத்திப் புல்
நுனி வெளுத்து நிற்கும்.
மூன்று சால் ஓட்டியும்
இயந்திரத்தின் வயிறு நிறையாது.

பள்ளத்தில் இறங்கினால்
கரிய மண், சக்கரம் அழுந்தும்.
நூறடிக்கு ஒரு கட்டு
பொத்தென்று விழும்.

மகன் இந்த்ரெக் செல்பேசியில்
வண்ணப்படம் காட்டினான்.
"செயற்கைக்கோள் எடுத்தது. சிவப்பெல்லாம் வறண்ட இடம்."
பதினாறு வருஷமாய் இதைத்தான்
என் இடுப்பெலும்பு சொல்கிறது.

ஆனால் சிவப்பின் நடுவே
ஒரு பச்சைப் புள்ளி,
படகு கவிழ்த்த அகலம்.
அது எனக்கும் புரியவில்லை, கோளுக்கும் புரியவில்லை.

காப்பிக் குடுவையோடு வந்த விர்வே
எட்டிப் பார்த்தாள்.
"டிராக்டர் படுத்துவிட்ட குளிர்காலம்.
எருவை அங்கே குவித்தேன்.
வாரி இறைக்கவே இல்லை."
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

சாயங்காலம் முப்பத்தொரு கட்டு.
பள்ளத்தில் இருபத்திரண்டு, பாறையில் எட்டு.
மிச்சம் ஒன்று
அங்கே பாதி, இங்கே பாதி தின்று
எல்லையில் விழுந்து கிடக்கிறது.

அதற்கும் கூலி உண்டு.