அளவுகோல் நிற்கும் ஏரி

பல் மருத்துவர் வார்த்கெஸின் காத்திருப்பு அறையில்
மூன்று நாற்காலி, ஒரு மின்கணப்பு,
சட்டமிடாத ஓர் ஏரி.
பனி கரையாத மார்ச் மாதம்
ஈறு வீங்கி, கன்னம் பெருத்து,
கவார் நகரத்துப் பாதிப் பேர்
அதன் முன்னால்தான் உட்கார்ந்து
முறைக்குக் காத்திருக்கிறோம்.

படத்தில் யாரும் இல்லை.
தூரத்து மலை தலைகீழாய் நீரில் இறங்கி
பாதியில் நின்றுவிட்டிருக்கிறது,
குளிரும் என்று தெரிந்துகொண்டதைப்போல.
நீலம் என்று சொல்லிவிட முடியாது.
உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரில்
ஒரு சொட்டு மை விட்டால் வருமே, அது.
கரையோரம் மெல்லிய வெள்ளை இழுப்பு:
தூரிகையில் வண்ணம் தீர்ந்தும்
கை நிற்காமல் போன தடம்.
வலது ஓரத்தில், நீருக்குள், ஒரு குச்சி.

"தூண்டில்" என்றது பக்கத்து நாற்காலி.
"படகு கட்டும் கழி" என்றாள் ரொட்டிக்கடை ஹ்ரிப்சிமே,
கடைவாயைத் துணியால் அழுத்தியபடி.
எதுவாயிருந்தால் என்ன,
அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்
என் பல் என்னை மறந்திருந்தது.

வரைந்தவள் கதை எனக்கு
வாய் திறந்த நிலையில்தான் கிடைத்தது.
வார்த்கெஸ் அப்படித்தான்.
ஊசி போட்டு, பஞ்சு திணித்து,
எதிர்க்கேள்விக்கு வழியில்லை என்றான பிறகே
பேசத் தொடங்குவார்.

அர்பெனிக் என்று பெயர்.
செவான் ஏரியின் நீர்மட்ட நிலையத்தில் வேலை.
காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும்
கோலில் எண்ணைப் படித்து ஏட்டில் எழுத வேண்டும்.
அந்த வருடங்களில் ஏரியை
மின்சாரத்துக்காகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்
(இயந்திர இரைச்சல். ஒரு வாக்கியம் போயிற்று)
தீவுக்கு நடந்தே போகலாம் என்றானது.
இஷ்கான் மீன் முட்டையிட வரும் இடம்
வெறும் கூழாங்கல்லாய்க் காய்ந்தது.
கோலைப் பிடுங்கிப் பிடுங்கித்
தண்ணீரின் பின்னாலேயே நட்டார்களாம்.
ரப்பர் பூட்ஸில் அவள் ஒவ்வோர் ஆண்டும்
இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள்.

கணவன்? பிள்ளைகள்? கேட்க நாக்கு இல்லை.
எங்கே படித்தாள் வரைய?
"ம்... ஆ..." என்றேன்.
"வலிக்கிறதா?" என்றார்.

ஓவியப் பள்ளி எதுவும் கிடையாது என்பது
வாய் கொப்பளிக்கும்போது தானாக வந்தது.
முடிந்துபோன ஏடுகளின் அட்டையைக் கிழித்து
முதுகுப்பக்கம் வரைந்தாளாம்.
நாற்பதோ ஐம்பதோ, எல்லாமே ஏரி.
குளிர்காலத்து அடுப்பில் போனவை போக
மீதி இந்த ஒன்று,
மூன்று பல்லுக்கு உறை போட்ட கூலிக்கு ஈடாக.
"நஷ்டம்தான்" என்று சிரித்தார். "அதில் ஒன்று தங்கம்."
இதையெல்லாம் அவளா இவரிடம் சொல்லியிருப்பாள்?
அவளும் இதே நாற்காலியில்
வாயைத் திறந்துகொண்டுதானே கிடந்திருப்பாள்.

எழுந்ததும் நேரே படத்திடம் போனேன்.
அப்படியென்றால் அது அளவுகோல்.
மூக்கு அட்டையில் இடிக்கக் குனிந்து
எண்ணைத் தேடினேன்:
எந்த வருடத்து ஏரி இது,
இறங்குவதற்கு முன்பா, பின்பா?
கோடுகள் இருந்தன. மயிரிழைக் கோடுகள்,
பத்துக்கு ஒன்று நீளமாய்,
உத்தியோகச் சுத்தத்தோடு.
எண் ஒன்றுகூட இல்லை.

"எழுத மறந்திருப்பாள்" என்றாள் ஹ்ரிப்சிமே,
தன் முறை வந்து உள்ளே போகையில்.
இருபத்தெட்டு வருடம்
ஒரு வேளை தவறாதவளா?
கதவு சாத்திக்கொண்டது.

தெருமுனைக் கற்குழாயில் குனிந்து குடித்தேன்.
உதடு இன்னும் மரத்திருந்தது.
எவ்வளவு உள்ளே போனது,
எவ்வளவு தாடை வழியே வழிந்தது,
தெரியவில்லை.
சட்டைக்குள் எங்கோ
சில்லென்று இறங்கிக்கொண்டிருந்தது.