பூஜ்யத்துக்கு மேல் பத்து சென்டிமீட்டர்

தேக்கடியில் எனக்கு இரண்டு வேலைகள்:
காலை ஆறு மணிக்கு ஏரியின் அளவுகோல் பார்ப்பது,
காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைப்பது.
மாற்றல் வாங்கி வந்த இந்தக் கரையோரத்தில்
உப்புக்குக் குறைவில்லை, அட்டைதான் இல்லை.
அளவுகோல் இருக்கிறது
ஆவரங்குடிக் கண்மாயின் நடுமடையில்,
ஆடுகள் உரசி உரசி
கீழ் மூன்று எண்கள் அழிந்துபோய்.

மேலே அந்த ஏரியில்
மரங்கள் நின்றபடியே செத்திருந்தன.
நீர் ஏறியது. ஈட்டி மரம் எங்கே போகும்?
நூறு வருஷம் கடந்தும் கருத்த முண்டங்கள்,
உச்சிக்கு ஒரு நீர்க்காகம்.
மேற்கே போன ஆற்றை
சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்து மறித்து
மலையைக் குடைந்து கிழக்கே அனுப்பினார்கள்.
கட்டக் கட்ட வெள்ளம் கொண்டுபோனதாம்.
காய்ச்சலில் போனவர்களின் மேடுகள்
அணைக்குப் பக்கத்தில், புல்லுக்குள்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கே மலையே கிடையாதா என்றேன்.
லஸ்கர் சாத்தையா
காதில் செருகிய பீடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
கரையைக் காட்டினார்.
"இதுதான் மேடம் நமக்கு மலை.
ஏறுனா தேவிபட்டினத்துக் கடல் தெரியும்."
ஏறினேன்.
பனந்தலைகள். அதற்கப்பால்
ஈயத்தைத் தேய்த்தது மாதிரி ஒரு கோடு.
பன்னிரண்டடி உயரம்.
உள்ளே வெட்டிய மண்ணை
ஓரத்தில் கொட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்;
குழிக்கும் குன்றுக்கும் ஒரே கூடை.
சுமந்த தலை எதுவும் பதிவேட்டில் இல்லை.
சேதுபதி காலம் என்கிறது அலுவலகக் கோப்பு.
அதற்கும் முந்தி என்பதுபோல
கலுங்குக் கல்லில் ஒரு மீன்,
வால் உடைந்து.

கண்மாய்க்குள்ளும் மரங்கள் நிற்கின்றன,
நாட்டுக் கருவேலம், துறை நட்டது.
நீர் வந்தால் இடுப்பளவு மூழ்கும்,
சாகாது.
மஞ்சள்மூக்கு நாரை கூடு வைக்கும்,
கிளையெல்லாம் எச்சம் வெள்ளையடிக்கும்.
வராத வருஷத்தில்
வானத்திலிருந்தே ஒரு வட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்.
அதற்குக் கோல் வேண்டாம்.
எனக்கு முன்னால் இருந்தவர்
'நீர் இல்லை' என்று ஒருமுறை எழுதி
மூன்று வருஷத்துக்கு
மேற்படி, மேற்படி, மேற்படி.

பேரணை குடித்து, விரகனூர் குடித்து,
பார்த்திபனூர் மதகில் பங்கு பிரிந்து
மிச்சம் என்று ஒன்று இருந்தால்
அது நமக்கு.
கார்த்திகை ராத்திரி இரண்டு மணிக்கு சாத்தையா போன் செய்தார்.
"மண்ணு குடிக்கிற சத்தம் கேக்குது மேடம்."

டார்ச் வெளிச்சத்தில்
தண்ணீருக்கு உயரமே இல்லை.
நுரை, சீமைக்கருவேல நெற்று,
ஒற்றைச் செருப்பு,
குச்சிமேல் தேள்,
இவற்றைத் தள்ளிக்கொண்டு
வெடிப்புக்கு வெடிப்பு இறங்கி நிரப்பி
அடுத்ததற்கு வந்தது.
கரம்பை கொப்புளம் விட்டது.
எங்கே கிடந்ததோ, ஒரு தவளை
முதல் சத்தத்தை அரைகுறையாக விட்டு நிறுத்தியது.

விடியும்போது நைனா முகம்மது வந்துவிட்டார்,
கழிமுகத்தில் இறாலுக்கு வலை போடுகிறவர்.
"மறுகால் போகுமா? நல்ல தண்ணி எறங்குனாத்தான்
எங்க பக்கம் இறா பெருக்கும்."
கீழ்ப்பாட்டத்து ஆட்கள் ஆறு பேர்
சைக்கிளை நிறுத்தாமலே
மடையை எப்போது திறப்பீர்கள் என்றார்கள்.
கோலுக்கு வந்து சேரவே
இன்னும் நாலு முழம் இருந்தது.

ஏழரைக்குச் சேர்ந்தது,
எண் இல்லாத இடத்தில்.
சாத்தையா வேட்டியை மடித்து இறங்கினார்.
"கரண்டைக்கால் மேடம். எழுதிக்கங்க."
பூஜ்யத்துக்கு மேல் பத்து சென்டிமீட்டர்
என்று எழுதினேன்.
கையால் அள்ளி முகர்ந்தேன்.
அந்த மலையின் வாசம் துளியும் இல்லை,
ஆட்டுப் புழுக்கை வாசம்.

பிறகுதான் நானும் இறங்கினேன்.
மிதந்து வந்த எறும்புகள்
என் காலைப் பிடித்து ஏறத் தொடங்கின.
பக்கத்தில் இருந்த மேடு
நான்தான்.