உடைந்தது

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அதிகாரி.
இந்தப்பக்கம் சுவோங்.
அவள் தோளுக்கு அருகில் நான்,
மணிக்கணக்குக் கூலிக்கு.

மொழிபெயர்க்க வருபவளுக்கு முதல் பாடம்:
‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக்கூடாது.
அவள் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’.

ஆகவே இன்று காலை பத்தேகாலிலிருந்து
நான் கான் தோவில் பிறந்தவள்.
இருபது வயதில்
நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை
ஏழே நாளில் கட்டிக்கொண்டு வந்தவள்.
சுஞ்சோனுக்கு வெளியே பிளாஸ்டிக் கூடாரத்தில்
எள்ளிலை என்று இங்கே சொல்கிற இலையைக் கிள்ளுபவள்.
பத்து இலை ஒரு கட்டு.
நகக்கண்ணில் ஏறிய கறுப்பு
கைரேகை வைக்கும்போதும் போகவில்லை.

“விவாகரத்து யார் தவறால்?”
கெட்ட மனிதர் இல்லை அவர்.
தண்ணீர்கூடக் கொடுத்தார்.
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது,
அவ்வளவுதான்.
கணவன் தவறென்றால் தங்கலாம்.
இரண்டு பேர் தவறென்றால்
விமானத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

மருத்துவச் சான்றைப் புரட்டினார்.
இந்த ஊரில் அடியை வாரத்தால் அளப்பார்கள்,
ஆற எத்தனை நாள் என்று.
“இரண்டு வாரம்தானா?”
மொழிபெயர்த்தேன்.
என் காயம் சின்னது என்று
என் வாயாலேயே எனக்குச் சொன்னேன்.

புகைப்படத்தில் தேதி இல்லை.
பக்கத்து வீட்டுக்காரி சாட்சிக்கு வரவில்லை,
போன குளிர்காலத்தில்
கிம்ச்சிக்கு முட்டைக்கோஸை ஒரே தொட்டியில்
சேர்ந்து உப்பிட்டவள்தான்.

அப்போது, யாரும் கேட்காமலேயே,
“சூப் கிண்ணத்தை நான்தான் உடைத்தேன்” என்றாள் சுவோங்.
“சுவரில் எறிந்து. அவர்மேல் இல்லை.
பதினோரு வருஷத்தில் ஒரு தடவை.”
அவள் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன்.
காணோம்.
அந்தப் பதினோரு வருஷத்தில்
அவளுக்கென்று இருந்த ஒரே வினைச்சொல் அதுவாக இருக்கலாம்.

அதிகாரியின் விரல்கள் காத்திருந்தன.

கிண்ணத்தை உடைத்தேன்.
கிண்ணம் உடைந்தது.
ஓர் அசைதான் வித்தியாசம்.
அந்த அசைக்கு அந்தப்பக்கம்
தாசோல் என்ற ஏழு வயதுக்காரி,
முன்பல் விழுந்தவள்,
சனிக்கிழமை மட்டும் அம்மாவைப் பார்ப்பவள்.

என் அட்டை மார்ச்சில் முடிகிறது.
புதுப்பிக்க என் கணவரும் கூட வருவார்.
அன்று காலை அவருக்குப் பிடித்த கடற்பாசி சூப் வைப்பேன்,
உப்பை இரண்டு தடவை பார்த்து.
எங்கள் வீட்டுக் கிண்ணங்கள் எல்லாம்
முழுசாக இருக்கின்றன.

“கிண்ணம் உடைந்தது” என்றேன்.

தட்டினார்.

அந்த அளவு கொரியன் சுவோங்குக்குத் தெரியும்.
திரும்பி என்னைப் பார்த்தாள்,
சந்தையில் பையைத் தடவியவளைப் பார்ப்பதுபோல.
பிறகு கண்ணாடியின் ஓட்டைக்குக் குனிந்து,
கொரியனிலேயே,
“இல்லை. நான் உடைத்தேன்.”

உச்சரிப்பு சரியாகவே இருந்தது.

அழிக்கும் விசையை அவர் தட்டுகிற சத்தம்.
ஒவ்வோர் எழுத்தாக.