தோன்றா எழுவாய்

உசிலம்பட்டியில் இறங்கி எழுமலை பஸ் மாறி
ரெண்டு கிலோமீட்டர் நடந்தால் அந்தப் பள்ளிக்கூடம்.
பையில் நாற்பது படிவங்கள்,
பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு டப்பா பேனா.
பேனாவுக்குத் தனியாக நிதி உண்டு.

தலைமையாசிரியர் கூட்டமென்று மதுரைக்குப் போயிருந்தார்.
எட்டாம் வகுப்புக்கு வெளியே
கால் ஆடுகிற நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

உள்ளே அமலோற்பவம் டீச்சர் இலக்கணம் நடத்துகிறார்.
உருண்டான், உருட்டினான்.
திருந்தினான், திருத்தினான்.
முதலாவது தன்வினை, அவனாகச் செய்வது.
அடுத்தது பிறவினை, இன்னொருத்தரைச் செய்ய வைப்பது.
பிள்ளைகள் பின்னாடியே கத்துகிறார்கள்.
சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்ததும்
சத்தம் இன்னும் கூடுகிறது.

நின்றான், என்றார் டீச்சர்.
நிறுத்தினான், என்றது வகுப்பு.

என் மடியில் படிவம் திறந்து கிடந்தது.
கேள்வி பதினேழு: இடைநின்றதற்கான காரணம்.
ஒன்று, ஆர்வமின்மை. இரண்டு, குடும்பச் சூழல்.
மூன்று, இடம்பெயர்வு.
நான்கு, மற்றவை.

இடைநின்றான்.
செருப்பு வார் அறுந்தவன் மாதிரி
பாதி வழியில் தானாக நின்றுவிட்டான்.

அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தது நான்தான்,
நாகமலை அடிவாரத்தில், மின்விசிறிக்குக் கீழே.
என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் விமர்சனக் கோட்பாடு.
அறுபத்திரண்டு பக்கம்.
அதிகாரம் என்ற சொல் இருநூற்றுப் பதினோரு முறை வருகிறது,
கணினி எண்ணிச் சொன்னது.
ஏற்றத்தாழ்வைப் பள்ளி மறுபடி மறுபடி அச்சடிக்கிறது என்று
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.
பின்னிணைப்பில் மட்டும் அவனாக நிற்கிறான்.

பட்டியலில் முதல் பெயர் காசிமாயன்.
ஒன்பதாம் வகுப்பு, இ பிரிவு.
இ பிரிவென்றால் என்னவென்று இங்கே காவலாளிக்கும் தெரியும்.
ஆகஸ்டு வரை வருகை. அப்புறம் பக்கம் முழுக்கச் சிவப்பு மை.
மெல்லக் கற்போர் பட்டியலிலும் இருந்தான்.
எவ்வளவு மெல்ல என்று குறிப்பு இல்லை.

தங்கச்சி மாயக்காள் ஏழாவது.
பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள்:
அண்ணன் முறுக்குக் கம்பெனிக்குப் போயிருக்கு,
நாக்பூர் பக்கம். முன்பணம் இருபத்தஞ்சாயிரம்.
படிப்பு பிடிக்கலையா, என்றேன்.
கணக்கு நல்லாப் போடும்க்கா,
எங்க வட்டியெல்லாம் அதுதான் போட்டுப் பார்க்கும்.

இடைநிறுத்தப்பட்டான், என்று அடித்து எழுதினேன்.
வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார்.
அரசுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட முடியாதேம்மா.
அவர் சொன்னதில் தப்பில்லை.

நிறுத்தியது யார் என்று வேறு கேட்பார்கள்.
முன்பணம் கொடுத்த ஏஜென்டு,
ஏழரை மணி பஸ்ஸை வெட்டிய டிப்போ,
கணக்கு வாத்தியாரே இல்லாமல் இ பிரிவு ஓட்டிய ரெண்டு வருஷம்,
மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பார்த்துப் பிரிந்த பெஞ்சு,
அதைப் பார்த்தும் பார்க்காத மேற்பார்வைக் குறிப்பேடு,
மாதம் மூன்று வட்டி,
பட்டியலைத் தயாரித்தவர், அதில் கையெழுத்துப் போட்டவர்,
அதையே மாதிரியாக எடுத்துக்கொண்ட
வாக்கியம் கட்டத்தை விட்டு வழிந்து
அடுத்த பையனின் வரிசைக்குள் போய்விட்டது.

எழுவாய் உள்ளேயே இருந்து வெளியே தெரியலைன்னா
தோன்றா எழுவாய், என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார் அன்றைக்கு.
பரீட்சைக்கு வரும், கோடு போட்டுக்கோங்க.

ராத்திரி எட்டுக்கு அவன் நம்பருக்குப் போட்டேன்.
இந்தியில் ஒரு பெண் குரல், இரண்டு தடவை.
மூன்றாவதில் எடுத்தான்.
ஆராய்ச்சி என்றேன், அஞ்சே நிமிஷம் என்றேன்.
அக்கா, எண்ணெய் காஞ்சிருச்சு, பெறகு பேசுங்க.
மாவு விழுந்து பொரிகிற சத்தத்தோடு துண்டித்தது.

பதினேழைக் காலியாக விட்டால்
மென்பொருள் அடுத்த பக்கம் போவதில்லை.
சிவப்பில் எழுதிக் காட்டுகிறது:
இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

நிரப்பவும்.
இதற்கும் எழுவாய் தோன்றவில்லை.
திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

நான்கை அழுத்தினேன்.