அடிவாரம்

மலை இறங்கும்போது வளைவுகளை
இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும்.
ஐந்தே முக்கால் நாகலூர் வண்டி,
கண்டக்டருக்குப் பின்னால் மூன்றாவது சீட்.
பதினான்கில் வலது காது அடைக்கும்.
ஒன்பதில் இடது.
எச்சில் விழுங்குவேன், மூக்கைப் பொத்தி ஊதுவேன்,
வராத கொட்டாவியை வரவழைப்பேன்.
பூண்டு மூட்டையோடு வந்த அக்கா ஒருநாள்
புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதற்கும் திறக்கவில்லை.
அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி,
பிறகு ஐந்து ரோடு, டயர் கடை மாடி.
சேலம் முழுக்க வாயசைக்கிறது,
சத்தம் மட்டும் மூடிய தூக்குச்சட்டிக்குள்.

அதனால் முதல் பத்துக் கேள்விகள்
எனக்குக் கிடையாது.

முதல் பகுதியில் எப்போதும்
ஒரு பெண் வாடகைக்கு அறை தேடுவாள்.
வீட்டுக்காரர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்.
முன்பணம் எவ்வளவு, சைக்கிளை எங்கே நிறுத்துவது,
பூனை வளர்க்கலாமா.
அவள் குடியேறினாளா என்று
ஏழு மாதமாய் எனக்குத் தெரியாது.
காது 'டப்'பென்று திறக்கையில்
பேராசிரியர் ஒருவர் பனியாறுகளுக்கு வந்திருப்பார்.
பனியாறுகளைப் பற்றி என்னைக் கேளுங்கள்.

அடித்தள ஆண்டு என்று போட்டிருந்தது நோட்டீஸில்.
அங்கே பட்டப்படிப்புக்கு நம் பன்னிரண்டு போதாதாம்,
ஒரு படி குறைகிறதாம்,
அந்தப் படியை இங்கேயே கட்டிக்கொண்டால் பாதிச் செலவாம்.
"அஸ்திவாரம் இல்லாமலா
ஐந்நூற்று நாற்பது வாங்கினாய்?" என்றார் அப்பா.

நிலோஃபர் மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயது.
இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள்.
எந்தக் கேள்வியில் கால் வழுக்கும் என்று
அவருக்குத்தான் தெரியும்.
புதன்கிழமைகளில் மறுத்துப் பேசப் பழக்குவார்:
முதலில் ஒப்புக்கொள், அப்புறம் ஆனால் போடு,
மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம்.
குகையிலிருந்து வரும் தன்வீர்
ஆனால் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவான்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடைபோடுகிறவர் அப்பா.
ஈரச் சாக்குக்கு ஒன்றரைக் கிலோ கழிப்பார்,
யார் கெஞ்சினாலும்.
வீட்டுப் பத்திரத்தை வங்கி கேட்ட அன்று
"கோயமுத்தூர்ல படி, போதும்" என்றார்.
புதன்கிழமைக் குரலில் சொன்னேன்:
"நீங்க சொல்றதுல ஓரளவுக்கு நியாயம் இருக்கு. ஆனா..."
"ஓரளவுன்னா எத்தனை கிலோ?"

அவர் கிண்டல் செய்யவில்லை.

இரண்டு காரணம் சொன்னேன், ஆதாரத்தோடு.
மூன்றாவதற்கு ஆதாரம் கிடையாது,
அது வெறும் ஆசை.
அதையும் சொன்னேன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
மோட்டார் போடப் போய்விட்டார்.

மறுநாள் ஆறாவது வளைவில் டிபன் பையைத் திறந்தால்
தோசைப் பொட்டலத்துக்கு அடியில், மடித்து,
பத்திரத்தின் ஜெராக்ஸ்.
அசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஓரளவு.

தேர்வுக்கு முந்தின இரவு
குகையில் தன்வீரின் அக்கா வீட்டில் தங்கச் சொல்கிறார்கள்.
சமவெளியில் தூங்கி எழுந்தால்
பத்துக்குப் பத்து கேட்குமாம்.
சரி.
ஆனால் விமானமும் இறங்கத்தானே வேண்டும்?
அங்கேயும் காது அடைத்துத்தான் போய் நிற்பேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் வாயசைப்பார்,
முதல் பகுதிதான், சுலபமான கேள்விதான்,
பெயர் என்ன என்பார்.

ஜெனோவா என்பேன், என் குரல் எனக்கே கேட்காமல்.
அப்பா பெயர்?
பொறுங்கள், எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.
பன்னிரண்டு எழுத்து. பிலவேந்திரன்.
எழுதிக்கொள்ளுங்கள்,
நான் வேகமாகச் சொல்லமாட்டேன்.